ஏரிக்குக் கீழ்

பெங்களூரு ஒரு மேட்டின்மேல் அமர்ந்த ஊர் என்பதைப் பேருந்தில் செல்பவர் எளிதில் உணர்வதில்லை. மிதிவண்டியில் செல்பவரின் முழங்கால் முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வடக்குத் தெற்காக நீளும் ஒரு முதுகின்மேல் நகரம் பரந்திருக்கிறது. அம்முதுகுக்கு மேற்கே விழும் மழைநீர் அர்க்காவதியில் சேர்ந்து, கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது. கிழக்கே விழும் மழைநீர் தட்சிண பினாகினியை அடைந்து, ஓசூர் வழியாகத் தமிழகத்தில் தென்பெண்ணையாக இறங்கி, கடலூருக்கு அருகே வங்கக் கடலைத் தொடுகிறது. இரண்டு ஆறுகளும் நந்தி மலைப் பகுதியில் தோன்றுபவை. ஒரே மலையில் பிறந்து, ஒரே நகரத்தை இருபுறமும் தழுவிச் சென்று, இருவேறு முகத்துவாரங்களில் ஒரே கடலுக்குப் போகின்றன.

இந்த மேட்டை அறிந்துகொண்டவருக்கு இன்னொரு செய்தியும் தானே புலப்படும். எங்கே மிதிக்காமலே வண்டி இறங்கிச் செல்கிறதோ, அந்த இறக்கத்தின் அடியில் ஓர் ஏரி இருக்கும். இல்லையென்றால் ஒரு காலத்தில் இருந்திருக்கும். மல்லேசுவரத்திலிருந்து மெஜஸ்டிக் நோக்கி இறங்குபவர் தர்மாம்புதி ஏரிக்குள் இறங்குகிறார். இன்றைய பேருந்து நிலையம் அதன் படுகையில் எழுந்தது. கண்டீரவ விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் இடத்தில் நிற்கிறது. கோரமங்கலத்து ஏரி ஒன்று தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பாயிற்று. செல்லகட்டா ஏரி கோல்ஃப் திடலாயிற்று. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலை மூழ்கி, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் சென்ற காட்சி நாடெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது. அந்தச் சாலையில் நாள்தோறும் வண்டி மிதிப்பவர்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. நீர் தன் பழைய வழியைத் தேடி வந்திருந்தது.

நகரத்தின் ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. ஒன்று நிரம்பினால் அதன் மிகைநீர் அடுத்ததற்குச் செல்லுமாறு சங்கிலித் தொடராக அமைந்தவை. இணைக்கும் பெருங்காலைக் கன்னடத்தில் ராஜகாலுவெ என்பர். நம் கால்வாய்க்கு உறவுச் சொல். ஏரிநீரை வயலுக்கு விடும் வாயிலைத் தூபு என்பர், நம் தூம்பு. இவ்வளவு நெருங்கிய சொற்களுக்கு நடுவே தமிழரை இடறச் செய்யும் சொல் ஒன்றும் உண்டு. இந்தக் கதை அச்சொல்லைப் பற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சொல்லில் இடறிய ஆய்வு மாணவி ஒருவரைப் பற்றியது.

அவர் கடலூருக்கு மேற்கே, பெண்ணையாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தை ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடுபவர். மகள் வரலாறு படித்து, கல்வெட்டியலில் நாட்டம் கொண்டு, பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். பெங்களூரு வட்டாரத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் நீர்நிலைகளுக்கும் கோயில்களுக்கும் அளிக்கப்பட்ட கொடைகள் என்பது ஆய்வுப் பொருள். வளமான களம்தான். காடுகோடியில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்து, 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, பட்டந்தூர் ஏரியும் அதன் தூம்புகளும் அமைக்கப்பட்டதைக் குறிக்கிறது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பி. எல். ரைஸ் தொகுத்து 1905இல் வெளியான எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியைப் புரட்டுபவர், இன்று தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களாகவும் அடுக்ககங்களாகவும் அறியப்படும் ஊர்களில் எத்தனை ஏரிகளும் தூம்புகளும் வயல்களும் இருந்தன என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் காண்பார்.

அவருடைய ஆய்வின் மூன்றாம் இயல் ஒரேயொரு கல்வெட்டைச் சுற்றி அமைந்தது. அர்க்காவதிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தலைவர் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி அது. கல் சிதைந்தது. நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் வரியில் ஏரி என்ற சொல்லும் கீழ் என்ற சொல்லும் தெளிவாக உள்ளன. அடுத்த மூன்றெழுத்து இடம் பொரிந்து போயிருக்கிறது. பழைய பதிப்பு அவ்விடத்தில் புள்ளிகள் இட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. அவர் நகரவில்லை. தமிழ்க் கல்வெட்டுகளில் எல்லை கூறும் முறை அவருக்கு மனப்பாடம்: கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. ஆகவே சதுர அடைப்புக்குறிக்குள் பால் என்னும் பொருள்படும் எழுத்துகளைப் பெய்து, நிலம் ஏரியின் கிழக்கே இருந்தது என்று படித்தார்.

பிறகு செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார். ஏரி இன்றும் இருக்கிறது. அதன் கிழக்கே இருப்பதோ கல்லும் நீலகிரி மரமும் நிறைந்த மேட்டு நிலம். நீர் ஏற வழியே இல்லாத தரிசு. அங்கிருந்து ஒரு வாதம் பிறந்தது: ஏரியின் பெயரைச் சொல்லிக் கோயிலுக்குத் தரிசை எழுதிவைத்திருக்கிறார் இந்தத் தலைவர், கொடை என்பது புகழுக்கான அறிவிப்பு, விளைச்சலுக்கான ஏற்பாடு அன்று. கருத்தரங்கு ஒன்றில் இதைப் படித்தபோது அவை நிமிர்ந்து உட்கார்ந்தது. கொடைகளை வெறும் பக்தியாகப் படிக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு என்று மூத்த பேராசிரியர் ஒருவர் பாராட்டினார். ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. நவம்பர் மாதம் மெய்ப்பு வந்தது. உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. எல்லாம் காலத்தோடு பொருந்தி நடந்துகொண்டிருந்தது.

அந்த ஊருக்கு அவர் போனதில்லை. கல் அங்கிருந்து அகற்றப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயிற்று. போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

மிதிவண்டிக்கும் ஆய்வுக்கும் அதுவரை தொடர்பு இல்லை. மேற்படிப்புக்காக வெளிநாடு சென்ற தோழியிடம் பாதி விலைக்கு வாங்கிய கியர் வண்டி அது. எழுத்து ஓடாத நாள்களில் விடுதியிலிருந்து கிளம்பி ஏதாவது ஓர் ஏரியைச் சுற்றிவிட்டு வருவார். பிறகு தொலைவு கூடியது. ஒருநாள் நந்தி மலையடிவாரம், ஒருநாள் எசரகட்டா. 1890களில் அர்க்காவதியை மறித்து நகரத்துக்குக் குழாய்நீர் கொண்டுவந்த எசரகட்டா ஏரி. அதன் அருகே வானம்பாடிகளும் பூனைப்பருந்துகளும் வரும் புல்வெளி. திரைப்பட நகரம் அமைக்கப்படலாம் என்ற அச்சத்தில் நெடுநாள் இருந்த அப்புல்வெளியை, 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காப்பகமாக அறிவிக்க 2024இல் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் அளித்தது. அச்செய்தி வந்த வாரம் அங்கே வழக்கத்தைவிட மிதிவண்டிகள் மிகுதியாக வந்தன என்று அவர் தோழிகளிடம் சொல்வதுண்டு.

நவம்பர் மாதத்து அந்த ஞாயிறு அவர் தேர்ந்தது மேற்குத் திசை. மெய்ப்பைத் திருத்தி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. காலை ஐந்து மணிக்கு, பின்விளக்கு மினுங்க, மாகடி சாலையில் தனியே புறப்பட்டார். மஞ்சனபெலெ நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டுச் சாவனதுர்க்கக் காட்டோரமாகச் சென்று திரும்புவது திட்டம். போக வர ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நகரத்தின் முதுகைத் தாண்டியதும் சாலை பெரும்பாலும் இறங்கியே செல்லும். சுங்கதகட்டெ, பேடரஹள்ளி, தாவரெகெரெ. தாவரெ என்பது தாமரை. ஊரின் பெயரே தாமரை ஏரி. நகரத்தைச் சுற்றி சந்திரா என்று முடியும் ஊர்கள் பல உண்டு. சமுத்திரம் தேய்ந்து சந்திரா ஆயிற்று என்பர். அம்பாசமுத்திரத்தை அறிந்த தமிழருக்கு அது புதிதன்று. ஏரியைக் கடல் என்று அழைத்துப் பெருமை கொண்ட மக்கள் இரு நாட்டிலும் இருந்திருக்கிறார்கள்.

தாவரெகெரெயைத் தாண்டியதும் பனி இறங்கியது. கேழ்வரகுக் கதிர்கள் முற்றித் தலைசாய்த்திருந்தன. அறுத்த இடங்களில் தாளைச் சாலையிலேயே பரப்பி, போகும் வண்டிகளின் சக்கரங்களுக்குப் போரடிக்கும் வேலையைக் கொடுத்திருந்தனர். மிதிவண்டிக்கு அது ஆபத்து. தாள் செயினில் சிக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். வலப்பக்கம் வெகுதொலைவில் எங்கோ திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம். அர்க்காவதியும் குமுதவதியும் கூடுமிடத்தில் 1930களில் கட்டப்பட்ட அது, நெடுங்காலம் நகரத்துக்குக் குடிநீர் தந்தது. பிறகு வரத்து சுருங்கியது. மழை குறைந்ததா, வெப்பம் கூடியதா என்று ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்த ஆய்வுக் கட்டுரை ஒன்று 2015இல் வெளியானது. வானத்தின்மேல் பழியில்லை, நிலத்தடி நீரை உறிஞ்சியதும் நீலகிரி மரத் தோப்புகள் பெருகியதும் முதன்மைக் காரணங்களாக இருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. அக்கட்டுரையை அவர் வகுப்பில் படித்திருந்தார். காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து விலக்கும் அந்த முறை பிடித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

மஞ்சனபெலெயில் நீர் நிறைந்திருந்தது. குன்றுகளுக்கு நடுவே அசையாமல் கிடந்த நீரைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த இட்லியைத் தின்றுவிட்டு, சாவனதுர்க்கம் நோக்கித் திரும்பினார். காட்டோரச் சாலை குறுகியது. இருபுறமும் புதரும் மூங்கிலும் இலையுதிர் மரங்களும். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த ஒற்றைப் பாறை, வளைவுக்கு வளைவு ஒரு மரத்தின் பின்னே மறைந்து இன்னொரு மரத்தின் பின்னே தோன்றியது. சிறுத்தை நடமாடும் காடு. இத்தகைய சாலையில் காரில் போகிறவருக்குக் காடு ஒரு காட்சி. மிதிவண்டியில் போகிறவருக்கு அது ஒலி; தன் மூச்சு, செயினின் ஓட்டம், சருகில் ஏதோ ஒன்றின் அசைவு. அசைந்தது கீரியாக இருந்தாலும் தொடை தானாகவே வேகம் கொள்ளும்.

சற்றுத் தொலைவில் சாலை வெட்டப்பட்டுக் கிடந்தது. குழாய் பதிக்கும் வேலை. வழிகேட்கச் சுற்றிப் பார்த்தபோது, பால் கேனை வைத்துக்கொண்டு கல்லின்மேல் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நிலைமையைக் கண்டு அவரே கைகாட்டினார்.

“ஏரி மேலெ ஹோகம்மா. தூபு ஹத்திர பலக்கெ.”

தூம்புக்கு அருகே வலப்பக்கம் என்பது புரிந்தது. ஏரியின்மேல் போ என்பது புரியவில்லை. ஏரியின்மேல் எப்படிப் போவது? வறண்டு கிடக்கிறதோ என்று நினைத்து, “கெரெல நீரு இல்வா, அஜ்ஜா?” என்று தமக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டார். முதியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீர் நிறைய இருக்கிறது, நீர்மேல் ஏன் போகிறாய், ஏரியின்மேல் போ என்று மீண்டும் சொன்னார். இம்முறை கை தெளிவாக ஒரு மண்கரையைக் காட்டியது.

தமிழில் ஏரி என்றால் நீர்நிலை. அதைத் தாங்குவது கரை. கன்னடத்தில் நீர்நிலை கெரெ. அதைத் தாங்கும் கரையே ஏரி. நூலில் படித்து அறிந்திருந்த செய்திதான். ஆனால் நூலில் படித்தது சாலையில் உதவிக்கு வரவில்லை. கெரெக்கும் தமிழில் உறவு உண்டு. மலையாளத்தில் சிற, தெலுங்கில் செருவு, தமிழில் சிறை. நீரைத் தடுத்து நிறுத்தும் அணையைக் கற்சிறை என்று தொல்காப்பியம் குறிக்கிறது. கன்னடர் அடைபட்ட நீருக்கு அச்சொல்லை வைத்துக்கொண்டனர். தமிழர் அடைபட்ட மனிதருக்கு வைத்துக்கொண்டனர். உயர்ந்து நிற்பதைச் சொல்லும் ஏரியைக் கன்னடர் கரைக்கே விட்டுவிட, தமிழர் நீருக்குக் கொடுத்துவிட்டனர்.

இதையெல்லாம் நினைத்துச் சிரித்தபடி கரையின்மேல் வண்டியை ஏற்றினார். கெட்டித்த செம்மண் பாதை. இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே செல்லும் அகலம். தெற்கு நோக்கிச் சென்றதால் காலை வெயில் இடக்கன்னத்தில் விழுந்தது. இடப்பக்கம் நீர். நீருக்கு அப்பால் கல்லும் நீலகிரி மரமுமாக ஏறிச்செல்லும் மேடு. வலப்பக்கம் கரைக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், பச்சை. நெல் வயல், வரப்பில் தென்னை, அதற்கப்பால் பாக்கு. தூம்பின் கல்தூண்கள் இரண்டு நீருக்குள் நின்றன. அதன் மறுபுறத்தில், மதகிலிருந்து கையகல நீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

தூம்புக்கு அருகே கரையிறக்கத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம். அதன் பலகையில் கன்னட எழுத்தில் ஊர்ப்பெயர். ஓராண்டாகத் தமிழ் எழுத்திலும் உரோமன் எழுத்திலும் மட்டுமே எழுதிவந்த பெயர். அவர் கால் ஊன்றி நின்றார்.

முதலில் எழுந்தது மகிழ்ச்சி என்று பிறகு சொன்னார். தம்முடைய ஊரைக் கண்டுவிட்ட மகிழ்ச்சி. பிறகு வெயில் எந்தக் கன்னத்தில் படுகிறது என்பது நினைவுக்கு வந்தது. ஏரி இடப்பக்கம், கிழக்கு இடப்பக்கம், தரிசு இடப்பக்கம். எல்லாம் கட்டுரையில் எழுதியபடியே இருந்தன. வலப்பக்கம் மட்டுமே கட்டுரையில் இல்லை. ஏரிக்குக் கீழே, கரைக்கு மேற்கே, ஆயிரம் ஆண்டுகளாக நீர் தேடிச் செல்லும் அந்த வயல்.

தமிழ்நாட்டுச் சமவெளி கிழக்கு நோக்கிச் சரிவது. ஆகவே கீழ் என்ற சொல்லிலிருந்து கிழக்கும், மேல் என்ற சொல்லிலிருந்து மேற்கும் பிறந்தன. கன்னடம் இவ்விரு திசைகளுக்கும் நிலத்தைப் பார்க்கவில்லை, ஞாயிற்றைப் பார்த்தது: எழும் திசை மூடு, படும் திசை படு. கடலூர்ப் பக்கத்தில் பிறந்தவருக்கு ஏரியின் கீழும் ஏரியின் கிழக்கும் ஒன்றே. பிறந்த ஊரில் மதகு கிழக்கே திறக்கும். தந்தையின் வயல் கிழக்கே கிடக்கும். இரண்டும் ஒன்றாகவே இருந்த ஊரில் வளர்ந்ததால், இரண்டும் வேறாக இருக்கக்கூடும் என்ற ஐயமே அவருக்குத் தோன்றியதில்லை. ஆனால் இந்த ஊர் நகரத்து முதுகுக்கு மேற்கே இருப்பது. இங்கே நீர் அர்க்காவதியைத் தேடிப் போகிறது. கீழ் என்பது இங்கே மேற்கு. சதுர அடைப்புக்குறிக்குள் பெய்த மூன்றெழுத்தைக் கல்லில் எவரும் வெட்டியதில்லை. அவை கடலூரிலிருந்து கொண்டுவரப்பட்டவை.

கரையிலேயே வண்டியைச் சாய்த்துவிட்டுத் தந்தைக்குத் தொலைபேசினார். “அப்பா, ஏரிக்குக் கீழ நெலம்னா எந்தப் பக்கம்?”

“மதகு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கந்தான். இதக் கேக்கவா காலங்காத்தால போன் பண்ணுன? சாப்ட்டியா பாப்பா?”

சாப்பிட்டேன் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

காட்டோரச் சாலையில் திரும்பிய 50 கிலோமீட்டரும் ஏற்றம்தான். வந்தபோது மிதிக்காமல் இறங்கிய ஒவ்வொரு சரிவும் இப்போது கணக்கைத் திருப்பிக் கேட்டது. சிறு பல்சக்கரத்துக்கு மாறி, குனிந்து மிதித்தபடி, வழி நெடுக அவர் ஒன்றையே எண்ணினார். கட்டுரையை அச்சுக்கு அனுப்பிவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? கல் இல்லை. எழுத்துகள் இல்லை. ஊருக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் அவருக்கே இருந்ததில்லை. வாதமோ எல்லோருக்கும் பிடித்த வாதம். மறுக்க விரும்புகிறவரும் அவருடைய கோட்பாட்டைத்தான் மறுப்பார். திசையை எவரும் சோதிக்கப் போவதில்லை.

ஆனால் அந்தத் தலைவர் இடையில் வந்து நின்றார். பெயர் மட்டுமே எஞ்சிய மனிதர். உருவம் இல்லை, வழித்தோன்றல் என்று சொல்லிக்கொள்ள எவரும் இல்லை. கோயிலுக்கு ஊரின் மிக நல்ல நிலத்தை, மதகின் முதல் நீர் பாயும் நிலத்தை அவர் கொடுத்திருக்கக்கூடும். அவரைத் தரிசு கொடுத்து ஏமாற்றியவர் என்று ஒரு கருத்தரங்கு முழுதும் கேட்டுத் தலையசைத்தது. இறந்தவர் வழக்குத் தொடர மாட்டார் என்பதால் அவர்மேல் எதையும் எழுதலாம் என்று வரலாற்றுத் துறையில் எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

அன்று இரவே இதழாசிரியருக்கு எழுதினார். அடைப்புக்குறிக்குள் பெய்த எழுத்துகளுக்கு ஆதாரமில்லை, நில அமைப்பு அதற்கு மாறாக இருக்கிறது, கட்டுரையின் முடிவு அதன்மேல் நிற்பதால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆறு வரி. அனுப்பிய பிறகுதான் நெறியாளரிடம் சொன்னார். நெறியாளர் சினந்தார், தம்மைக் கேட்காமல் அனுப்பியதற்காக. உதவித்தொகை முடியும் மாதத்தை நினைவூட்டினார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த மூன்றெழுத்து என்னவாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“தெரியவில்லை ஐயா. புள்ளிகளாகவே விட்டுவிடலாம்.”

அவர் வெகுநேரம் மெய்ப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். 1905ஆம் ஆண்டுப் பதிப்பும் புள்ளிகளோடுதான் விட்டிருந்தது.

டிசம்பரிலும் சனவரியிலும் மாணவி அதே ஊருக்கு நான்கு முறை சென்றார். புவியியல் துறை மாணவர் இருவர் மட்டக்கருவியோடு பேருந்தில் வந்து சேர்ந்துகொண்டனர். கரையின் உயரம், மதகின் மட்டம், வாய்க்காலின் சரிவு, வயலின் எல்லை என்று ஒவ்வொன்றாக அளந்தனர். பால் கேன் முதியவர் தினமும் வந்து பார்த்தார். தம் தந்தை இந்த ஏரியின் நீருகண்டியாக இருந்தவர் என்றார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று முடிவுசெய்து தூம்பைத் திறந்து மூடிய மனிதர். அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. ஊருக்குள் மட்டும் அவருக்கு வீடு இல்லை, சேரியில்தான். எந்த வயல் எந்த வாய்க்காலில் எத்தனையாவது என்பதை மகன் இன்னும் வரிசையாகச் சொன்னார். கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, பெற்ற கோயிலின் பெயர் இருக்கிறது. நீரைக் கொண்டுசென்றவருக்கு அதில் இடமில்லை. மூன்றாம் இயலுக்கு ஒரு புதிய பகுதி வேண்டியிருந்தது. அது அங்கே கிடைத்தது.

அளக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. வயலின் தென்கோடியில், பாக்குத் தோப்பைத் தாண்டி, வெள்ளையடித்த குத்துக்கற்கள் வரிசையாக நின்றன. மனைப்பிரிவு. ஏரியிலிருந்து நான்காவது வாய்க்கால் வரை மண் கொட்டி மட்டமாக்கியிருந்தனர். முதல்முறை சென்றபோது அளந்த ஒரு புள்ளி மூன்றாம்முறை சென்றபோது ஒன்றரை மீட்டர் உயர்ந்திருந்தது. இன்னும் ஐந்தாண்டு கழித்து ஒருவர் இந்தக் கரையின்மேல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், வலப்பக்கமும் மேடாகத்தான் இருக்கும். கீழ் என்ற சொல்லுக்கு அங்கே எந்தப் பொருளும் இராது. அவருடைய பழைய கட்டுரை அப்போது மீண்டும் சரியாகத் தோன்றும்.

கற்களைக் காப்பதில் இந்நகரம் அண்மைக் காலத்தில் அக்கறை காட்டிவருகிறது. 750ஆம் ஆண்டளவினதான ஹெப்பாளத்துக் கிட்டய்யன் கல்வெட்டைக் குடிமக்களே தேடி மீட்டு நிறுத்தினர். 1909இல் தோன்றிய மிதிக் சொசைட்டி, பெங்களூரு வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் பதிவுசெய்து வருகிறது; கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் அதில் துலங்குகின்றன. அரிய பணி. ஆனால் கல்வெட்டு என்பது எழுத்தால் மட்டும் ஆனதன்று. ஏரி, தூம்பு, கீழ், மேல் என்று அது சுட்டும் ஒவ்வொன்றும் கல்லுக்கு வெளியே, மண்ணில் இருக்கிறது. மண்ணை மட்டமாக்கிவிட்டால், கல்லை அருங்காட்சியகத்தில் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும், பாதிச் சொற்கள் ஊமையாகிவிடும்.

கட்டுரை இன்றுவரை வெளிவரவில்லை. உதவித்தொகை மார்ச்சில் நின்றது. அவர் ஒரு பயிற்சி நிறுவனத்தில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதுகிறார். மூன்றாம் இயலின் தலைப்பு மாறிவிட்டது. அதன் இறுதியில் ஒரு வரைபடம் இருக்கிறது: உயரக்கோடுகள், மதகு, ஐந்து வாய்க்கால்கள், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முதியவர் சொன்ன பெயர். வடதிசை குறிக்கும் அம்புக்குறிக்கு அருகில் இன்னோர் அம்புக்குறியும் உண்டு. அது நீர் ஓடும் திசையைக் காட்டுகிறது. தம் துறையில் இனி எவர் வரைபடம் வரைந்தாலும் இந்த இரண்டாவது அம்பும் இருக்க வேண்டும் என்பது அவர் இப்போது மாணவர்களிடம் வலியுறுத்தும் ஒரே செய்தி.

கடைசியாகச் சென்ற நாள் ஏப்ரலில் ஒரு காலை. கோடைமழை ஒன்று பெய்து முடிந்திருந்தது. சாலை வேலை முடிந்து தார் போட்டாயிற்று. கரை வழியே சுற்றிப் போகத் தேவையில்லை. இருந்தும் அவர் வண்டியைத் திருப்பி, ஏரிமேலேயே போனார்.